அம்மாவின் இடுப்பில் ஒரு தொலைபேசி

ஈரத் துணி மாட்டிய மூங்கில் கம்பின் நுனி, சமையலறை ஜன்னலுக்கு வெளியே சுவரில் பதித்த இரும்புக் குழாய்க்குள் இறங்கும்போது ‘கிர்ர்’ என்று பல் கூசும் ஒரு சத்தம் வரும். சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் ஒன்பதாவது மாடியிலிருந்த எங்கள் மூவறை வீட்டில் பொழுது விடிந்ததற்கு அதுதான் அடையாளம். அப்பா கப்பல் பட்டறைக்குப் போட்டுப்போகும் ‘ஓவரால்’ உடுப்புகளை அம்மா விடியற்காலையிலேயே துவைத்துவிடுவார். தண்ணீர் குடித்த அந்தத் துணி இரண்டை மாட்டினாலே கம்பு வளைந்துவிடும். கம்பைப் பாதி வெளியே நீட்டிய பிறகு கையை எடுக்க முடியாது, எடுத்தால் கீழே நடந்து போகிறவர் தலை தப்பாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டுத் தொலைபேசி சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அடிக்கும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் தொடக்கநிலை ஐந்தில் இருந்தேன், தம்பி அந்த வருடம்தான் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்திருந்தான். நான் பிறக்கும்முன் அம்மா தமிழாசிரியையாக இருந்தவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்பதால் வேலையை விட்டு, பதினோரு வருடம் வீட்டில் இருந்துவிட்டார். தம்பி பள்ளிக்கூடம் போன முதல் வாரமே, இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளியிருந்த ஒரு பள்ளிக்குப் போய், ‘ரிலீஃப் டீச்சர்’ பட்டியலில் தன் பெயரை எழுதிவிட்டு வந்தார். தமிழாசிரியர் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பள்ளி அலுவலகத்திலிருந்து காலை ஆறே காலுக்குக் கூப்பிடுவார்கள். வருகிறேன் என்றால் அன்றைக்கு வேலை. நாலு முறை போய் நன்றாகப் பாடம் நடத்தினால் அடுத்த வருடம் நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இதுவும் தவறினால் இனி கரும்பலகைப் பக்கமே போக முடியாது என்று அவர் அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் தொலைபேசி ஹாலில், வாசல் கதவை ஒட்டிய காலணி அலமாரியின் மேல் இருந்தது. ஜன்னலோ வீட்டின் மறு கோடியில். மணி அடித்ததும் அம்மா கம்பைக் குழாய்க்குள் தள்ளி, கையைத் துடைத்து, சமையலறையைத் தாண்டி ஓடி வருவதற்குள் அது ஓய்ந்துவிடும். அப்பா ஐந்தரைக்கே பட்டறைப் பேருந்தைப் பிடிக்கப் போயிருப்பார். நான் குளியலறையில் இருப்பேன், தம்பியை எழுப்பவே ஓர் ஆள் வேண்டும். ஒரே ஒரு நாள் நான் ஓடிப்போய் எடுத்தேன். அலுவலகத்து மிசஸ் லிம், “மம்மி தேர் ஆ?” என்று கேட்டார். நான் “வெயிட் ஆ” என்று சொல்லி அம்மாவைக் கூட்டிவருவதற்குள், “நெவர் மைண்ட் லா, ஐ கால் அனதர் ஒன்” என்று வைத்துவிட்டார். அம்மா ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். ஈரக் கையிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. என் மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

அப்பா தனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்து பார்த்தார். முதலில் நீளமான ‘வயர்’ வாங்கித் தொலைபேசியைச் சமையலறை வாசல் வரை இழுத்தார். தம்பி இரண்டே நாளில் அதில் தடுக்கி விழுந்து தொலைபேசியையும் கூடவே இழுத்துக்கொண்டு போனான். பிறகு, செய்தி பதிவு செய்யும் இயந்திரம் ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தார்.

“நீ எடுக்காட்டி அதுவே பதில் சொல்லும் செல்வி.”

“பதில் சொல்லும். அதுவா போய்ப் பாடம் எடுக்கும்?” என்றார் அம்மா.

அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. அம்மாவுக்கு வேண்டியது எதுவென்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. “நான் போற இடத்துக்கெல்லாம் அது என்கூட வரணுங்க. கம்பிகிட்ட இல்ல, என்கிட்ட இருக்கணும்.” கம்பியில்லாத் தொலைபேசி, அதாவது ‘கார்ட்லெஸ்’, வாங்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அப்பாவுக்கு அது பணக்கார வீட்டுச் சாமான். பட்டறையில் யாரோ எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் பாதி விலைக்கு வாங்கியதாகச் சொன்னார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு மாலை ஹாலிலிருந்து சமையலறை ஜன்னல் வரைக்கும் பாதத்துக்கு முன் பாதம் வைத்து அளந்து, என் பழைய கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில், “நாற்பத்தொரு அடி, இரண்டு சுவர்” என்று எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூவரையும் திரட்டிக்கொண்டு, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனார். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஹனீபா பாயின் மின்சாமான் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழெட்டுத் தொலைபேசிகள் மூக்கு மாதிரி ஏரியலை நீட்டிக்கொண்டு நின்றன. அப்பா வெள்ளை நிறத்தில் பளபளத்த ஒன்றின் மேல் கண் வைத்தார். கூடவே ஜொகூர் சரக்கைப் பற்றியும் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

பாய் சிரித்துவிட்டார். “தாராளமா வாங்குங்கண்ணே. லைன் கலந்து, மேல் வீட்டுல புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டா உங்க வீட்டுல ‘லைவ்’ஆ கேக்கும்.”

அம்மா இரண்டையும் பொருட்படுத்தாமல், “பாய், இது நாப்பத்தோரு அடி போகுமா, ரெண்டு சுவர் தாண்டி?” என்று கேட்டார்.

“நூறு அடி போகும்னு பெட்டியிலேயே போட்டிருக்கான்க்கா.”

“பெட்டியில என்ன வேணா போடுவான். நான் நடந்து பாக்கறேன்.”

கடையில் காட்சிக்கு வைத்திருந்தவற்றில் மூன்று சார்ஜ் ஏறியே இருந்தன. அம்மா பாயின் கடை லைனை அவற்றில் ஒவ்வொன்றாக மாட்டச் சொன்னார். பாய் தலையைச் சொறிந்தார். வாங்குகிற சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே நடக்கப் போகிறேன் என்று சொன்ன முதல் வாடிக்கையாளர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். கடைசியில் அடகு மாதிரி அப்பாவையும் தம்பியையும் கடைப் பக்கத்திலேயே விட்டுவிட்டு, என்னையும் முதல் தொலைபேசியையும் எடுத்துக்கொண்டு அம்மா ‘அஞ்சடி’யில் இறங்கினார். கடை வாசலை ஒட்டி ஓடும் அந்த நடைபாதைக்கு அங்கே அதுதான் பெயர். பக்கத்துக் கடையிலிருந்து அப்பா பாயின் எண்ணுக்கு விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. நான் அடி எண்ணினேன். பூமாலைக் கடையைத் தாண்டியதும் முதலாவது ஊமையாகிவிட்டது. இரண்டாவது காய்கறிக் கடை வரை வந்தது, ஆனால் அதில் ஒரு டாக்சி ஓட்டுநர் யாரையோ சீனத்தில் திட்டிக்கொண்டிருந்தார். அம்மா அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, “இது வேணாம்” என்றார்.

மூன்றாவது பழுப்பு நிறம், பார்க்க செங்கல் மாதிரி இருக்கும். அம்மா அதோடு அஞ்சடியைத் தாண்டி, மசாலா கடைக்குள் நுழைந்து, கடைக்காரர் “என்னம்மா வேணும்?” என்று கேட்கக் கேட்க, பின்கட்டு வழியாகச் சந்துக்குள் இறங்கிவிட்டார். சுவர் இரண்டு தாண்டியாகிவிட்டது. கொத்தமல்லி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நாங்கள் நின்றோம். சில நொடி ஒன்றும் இல்லை. பிறகு அந்தச் செங்கல் அலறியது. அம்மா ஏரியலை இழுத்து, “ஹலோ, கேக்குதா?” என்றார். அந்தப் பக்கம் அப்பா, “எங்கே இருக்கே செல்வி? பாய் போலீசைக் கூப்பிடணுமாங்கறாரு!” என்று கத்தினார்.

அம்மா சந்தில் நின்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி அவர் வாய்விட்டுச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய தொலைபேசியைக் கழற்றிவிட்டு, ஹாலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஹாலில் அந்தப் பக்கம் சுவரில் ஒரே ஒரு மின்சார சுவிட்ச்தான். அதிலிருந்து அப்பா பல பிளக் மாட்டும் நீளப் பலகை ஒன்றை இழுத்துத் தொலைக்காட்சியையும் தொலைபேசியின் அடிப்பெட்டியையும் சேர்த்து மாட்டினார். அம்மா பழைய பாவாடைத் துணியில் அகலமாக ஒரு பட்டை தைத்து, தொலைபேசியைச் செருக உறையும் வைத்து, நைட்டியின் மேல் இடுப்பில் கட்டிக்கொண்டார். காலை ஆறு மணி ஆனதும் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் மறுவேலை. போலீஸ்காரர் துப்பாக்கி கட்டுகிற மாதிரி இருக்கிறது என்று தம்பி கேலி செய்தான்.

ஆனால் மணி அடிக்கவே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். மாலையில் அத்தை பேசினார், மசாலா கடைச் சந்தில் பேசியதைவிடத் தெளிவாகவே கேட்டது. காலையில் மட்டும் மயான அமைதி. அம்மா கம்பை நீட்டுவார், இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார், அடுத்த கம்பை எடுப்பார். “தமிழ் வாத்தியார் எல்லாருக்கும் ஒடம்பு நல்லா இருக்கு போல” என்று அப்பா ஒரு நாள் சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினார்.

மூன்றாவது வாரம் அம்மா பொறுக்காமல் பள்ளிக்கே போய்விட்டார். மிசஸ் லிம் அவரைக் கண்டதும், “அய்யோ, ஐ கால் யூ த்ரீ டைம்ஸ், நோ ஆன்சர்! யுவர் லைன் ஸ்பாயில் ஆ?” என்றாராம். அதற்குள் வேறொரு பெண்மணி கிடைத்துவிட்டார், கூப்பிட்டால் உடனே எடுக்கிறார், அம்மாவின் பெயர் பட்டியலில் கீழே போய்விட்டது. அம்மா அழுதிருக்கலாம். வீட்டுக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது என்றுதான் எனக்கு நினைவு. ஆனால் அன்று இரவு வழக்கம்போலச் சமைத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் போகாமல், நேரே ஹாலுக்கு வந்து அடிப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். எப்போதும் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. சுவரிலிருந்த சுவிட்சைப் பார்த்தார். அணைந்திருந்தது.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. படுக்கப் போகும்முன் வீடு முழுவதும் ஒரு சுற்று வந்து, சுவரில் இருக்கிற எல்லா சுவிட்சையும் ‘டக் டக்’கென்று அணைத்துவிடுவார். மின்கட்டணத்துக்காக மட்டும் இல்லை. பட்டறையில் அணைக்காமல் விட்ட ஒரு சுவிட்சால், தன்னோடு வேலை பார்த்தவரின் கை வெந்துபோனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அந்தச் சுற்றில் அடிப்பெட்டியும் அணைந்து, இடுப்பிலிருந்த தொலைபேசிக்கு மணி எட்டாமல் போய்விட்டது. மதியம் நான் பள்ளி விட்டு வந்து கார்ட்டூன் பார்க்க அதே சுவிட்சைப் போடுவேன். தொலைபேசிக்கும் உயிர் வந்துவிடும். அதனால்தான் மாலையில் அத்தை பேசினார், காலையில் யாரும் பேசவில்லை. அந்த சுவிட்சை நானும்தான் தினம் தினம் போட்டேன், பக்கத்தில் அணைந்து கிடந்த விளக்கை ஒரு நாளாவது பார்த்தேனா? இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது.

அன்று மாலை வீட்டில் இடி இடிக்கும் என்று நானும் தம்பியும் அறைக்குள் பதுங்கினோம். அம்மா குரலை உயர்த்தவே இல்லை. அப்பா சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தார்.

“என்னங்க, யார்ட்ல ஒருத்தர் சுவிட்சுல டேக் மாட்டுனா, இன்னொருத்தர் கழட்டலாமா?”

“அதெப்படி? மாட்டுனவர்தான் கழட்டணும். மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது. தொட்டா வேலை போயிடும்.”

பட்டறையில் அது வேதவாக்கு. இயந்திரத்தைப் பழுது பார்க்கிறவர், தான் உள்ளே இருக்கும்போது யாரும் மின்சாரத்தைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சுவிட்சில் தன் பெயர் எழுதிய அட்டை ஒன்றைத் தொங்கவிடுவார். அப்பா அதைப் பற்றி எங்களுக்கு நூறு முறை சொல்லியிருக்கிறார்.

அம்மா எழுந்துபோய், பிஸ்கட் டப்பா அட்டையில் வெட்டிய ஒரு துண்டைக் கொண்டுவந்தார். சிவப்பு மையில், கரும்பலகையில் எழுதுவது போன்ற முத்து முத்தான எழுத்தில், “அணைக்கக் கூடாது – செல்வி” என்று எழுதி, கம்பளி நூல் கோத்திருந்தார். அதைச் சுவிட்சின் மேல் தொங்கவிட்டு ஒட்டினார்.

“யார்ட்ல போடக் கூடாதுன்னு மாட்டுவாங்க. நான் அணைக்கக் கூடாதுன்னு மாட்டறேன். சட்டம் ஒண்ணுதான்.”

அப்பா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. “ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார். “மூணு தடவை” என்றார் அம்மா. அப்பா அன்று இரவு தன் சுற்றை வரும்போது அந்தச் சுவர்ப் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் அந்த அட்டையைத் தொட்டதே இல்லை, தூசு தட்டக்கூட.

சுவிட்ச் சரியாகிவிட்டது, பட்டியல் சரியாகவில்லை. அம்மா மறுபடி மிசஸ் லிம்மிடம் போய், “ஒன் மோர் டைம் யூ ட்ரை” என்று கேட்டுவிட்டு வந்தார். அவர் “சீ ஹவ் லா” என்றாராம். ‘பார்க்கலாம்’ என்கிற அதற்கு எங்கள் ஊரில் என்ன வேண்டுமானாலும் அர்த்தம். மேலும் ஒரு மாதம் போயிற்று. இனிமேல் யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன், அப்பாவும் விட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அம்மா மட்டும் காலை ஆறு மணிக்குப் பட்டை கட்டுவதை நிறுத்தவில்லை. கம்பை நீட்டப் போகும்முன் ஒரு சேலையையும் இஸ்திரி போட்டு நாற்காலியில் தயாராக வைத்திருப்பார். போகாத நாளில் அதையே மடித்து மறுநாளைக்கு வைப்பார்.

ஒரு புதன்கிழமை. நான் ஒரு காலில் மட்டும் காலுறை மாட்டியிருந்தேன். சமையலறையிலிருந்து மணிச் சத்தமும் என் பெயரும் ஒன்றாகக் கேட்டன. ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மாவின் இரண்டு கையிலும் கம்பு, பாதி உள்ளே பாதி வெளியே, நுனியில் இரண்டு ஓவரால். இடுப்பில் அது அலறிக்கொண்டிருக்கிறது.

“எடுத்து என் காதுல வைடி!”

உறையிலிருந்து உருவி, பித்தானை அழுத்தி, எக்கி நின்று அம்மாவின் காதில் வைத்தேன். ஓவராலின் தண்ணீர் என் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. மிசஸ் லிம்மின் குரல் எனக்கும் கேட்டது. “மிசஸ் செல்வி ஆ? டுடே கேன் கம்?”

“கேன், கேன். ஐ கம் நௌ” என்றார் அம்மா. முடியும் என்பதை சிங்கப்பூரில் இரண்டு முறை சொன்னால் அதில் சந்தேகத்துக்கே இடம் இல்லை. கம்பை வெளியே தள்ளக்கூட இல்லை, உள்ளே இழுத்துத் தரையில் போட்டார். பத்தே நிமிடத்தில் சேலை கட்டி, தலை வாரி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மின்தூக்கிக் கதவு மூடும்போது, “தம்பிக்கு ரொட்டி குடு, கதவைப் பூட்டு!” என்று கத்தினார். எனக்கு அழுகை வந்தது, எதற்கென்று தம்பிக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று மாலை அப்பா வந்து, தரையில் கிடந்த தன் ஈர உடுப்பைத் தானே எடுத்துக் காயப்போட்டார்.

அம்மா அந்தப் பள்ளியில் நாலு முறை இல்லை, பதினேழு முறை போன பிறகுதான் நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றார். இப்போது அம்மாவும் அப்பாவும் கிளமெண்டியில் சிறிய வீடு ஒன்றில் இருக்கிறார்கள். துணி காய்வதற்குச் சுவரோடு மடங்கும் சட்டகம் வந்துவிட்டது. வீட்டுத் தொலைபேசியை அம்மாவே நிறுத்திவிட்டார். அந்த நம்பரையாவது வைத்துக்கொள்ளலாமே என்று நான்தான் உருகினேன். “யாரும் கூப்பிடறதில்ல, எதுக்குடி காசைக் கொட்டணும்?” என்று கேட்டார். காலையில் ஒரு வீட்டுக்குப் பொதுவாக மணி அடிப்பதும், எல்லோரும் அதை நோக்கி ஓடுவதும், யார் எடுத்தார்கள் என்பதில் ஒருவருடைய நாள் மாறிப்போவதும் என் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னால்கூடப் புரிவதில்லை.

நான் செங்காங்கில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியை. யாராவது வராத நாளில் மாற்றாள் பிடிக்கிற வேலை மூன்று வருடமாக என் தலையில். இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை. பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே குறுஞ்செய்தி, முதலில் கட்டைவிரலை உயர்த்திய படத்தை அனுப்புகிறவருக்கு வேலை. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கும்போதுதான் மிசஸ் லிம் மேல் எனக்கிருந்த கோபம் போனது. ஏழரைக்குள் வகுப்புக்கு ஆள் வேண்டும் என்றால், யாருடைய கையில் என்ன இருக்கிறது என்று யோசிக்க நேரம் இருக்காது.

போன மாதம் என் பட்டியலில் ரஹ்மத் என்று ஒரு புதுப் பெயர் சேர்ந்தது. மூன்று பிள்ளைகளுக்குத் தாய், எட்டு வருடம் கழித்து வேலைக்கு வர விரும்புகிறவர். ஐந்து முறை செய்தி அனுப்பியும் அவருடைய பதில் எப்போதும் எல்லோருக்கும் பின்னால், அரை மணி நேரம் தாமதமாகத்தான் வரும். பக்கத்து இருக்கைச் சுமதி என் கைப்பேசியை எட்டிப் பார்த்து, “இவங்க ஸ்லோ லா அக்கா. லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க, டைம் வேஸ்ட்” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. மறுநாள் காலை ஒரு வகுப்புக்கு ஆள் தேவைப்பட்டபோது நான் யாருக்கும் செய்தி அனுப்பவில்லை, ரஹ்மத்தின் எண்ணை அழுத்தினேன். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். சுமதி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது முறை, ஓயப்போகும் நேரத்தில், குழந்தையின் அழுகைக்கும் தண்ணீர்ச் சத்தத்துக்கும் நடுவில் மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது.

“சாரி டீச்சர், பாப்பாவைக் குளிப்பாட்டிக்கிட்டிருந்தேன். ஆள் கெடைச்சிட்டாங்களா?”

“இல்ல. நீங்க வர முடியுமா?”

“வர்றேன் டீச்சர். எத்தனை மணிக்கு?”

ஏழேகாலுக்கு என்றேன். ஏழு மணிக்கே வந்து நின்றார்.